பார்த்துக் குடுங்க

என் அக்காவின் புருஷனுக்குக் கூலி பேசத் தெரியாது. அவர் இல்லாத இடத்தில் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் முகத்துக்கு நேராகவே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். சொன்னால் கோபம் வராது அவருக்கு. துடுப்பை மணலில் ஊன்றிக்கொண்டு, பல் தெரியாமல் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சாமான் கொண்டுபோவதுதான் அவர் தொழில். பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது. வந்தால் தரை தட்டிவிடும். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஒல்லாந்தர் கோட்டைக்கு என்று பெரிய படகுகள் உண்டு, அவற்றுக்குச் சம்பளக்காரர்கள் உண்டு. துணி மூட்டை, உப்பு, பீப்பாய் எல்லாம் அவற்றில் போகும். ஆனால் அலை பெரிதாக அடிக்கிற நாளில் சம்பளக்காரர்கள் படகைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். இறக்கினாலும் இறக்காவிட்டாலும் அவர்களுக்குச் சம்பளம் வந்துவிடும். அவர்கள் இறங்காத நாளில்தான் மாமாவைப் போன்ற கட்டுமரக்காரர்களுக்குப் பிழைப்பு. நல்ல கடலாக இருந்தால் குப்பத்துக்கே சந்தோஷம், என் அக்கா வீட்டில் மட்டும் அடுப்பு எரியாது.

மூன்று கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மரமும் ஒரு துடுப்புமே அவர் முதல். விடியும் முன்பே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். மற்ற ஆண்கள் கடலைப் பார்ப்பார்கள். இவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோட்டைப் பக்கம் வருகிற பாதையைப் பார்ப்பார், தலையில் கூடையோடு யாராவது வருகிறார்களா என்று. கப்பலை ஓட்டுகிற கப்பித்தானுக்குக் கோழியோ எலுமிச்சம்பழமோ கீரைக்கட்டோ எதுவானாலும் சரி.

"இன்னா கேக்கற?" என்பான் சாமான் கொண்டுவந்தவன்.

"பார்த்துக் குடுங்க" என்பார் மாமா.

அவ்வளவுதான் அவர் பேரம். அதைக் கேட்டதும் எதிராளி முகத்தில் ஒரு தெளிச்சி வருமே, அதை நான் மீன்கூடையோடு நின்று பார்த்திருக்கிறேன்.

"பார்த்துக் குடுங்கன்னா எந்த மவராசன் பார்த்துக் குடுத்தான்? அவன் பார்க்கறது அவன் மடியத்தான்" என்று ஒருநாள் நடுக்கரையில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"நாம ஒண்ணு கேட்டு, அவன் வாணாம்னு அடுத்த மரத்துக்குப் போய்ட்டா இன்னாம்மா பண்றது?" என்றார்.

அதுதான் அவருடைய பயம். குறைச்சலாகக் கிடைப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வந்தவன் திரும்பிப் போய்விடுவானோ என்பதே கவலை.

இதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்பதற்குப் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. கோயில் முன்னால் கூடி, சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சீட்டில் இடம் இல்லாதவன் ஏரியில் காலை நனைக்கலாம், வலையை நனைக்க முடியாது. பாடு தகப்பன் வழியில்தான் வரும். மாமா வடக்கே தெலுங்கு பேசுகிற கரையில் பிறந்தவர். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் கோட்டைக்குப்பத்திலேயே தங்கிவிட்டார். மாப்பிள்ளைக்குச் சோறு உண்டு, பாடு கிடையாது என்று எங்கள் பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். கடலில் பெரிய வலை போட நாலு பேர் கூட்டு வேண்டும்; பங்காளி இல்லாதவனோடு யார் கூட்டுச் சேருவார்கள்? தூண்டில் போட்டு வீட்டுக்கு நாலு மீன் கொண்டுவருவார். மற்றபடி கூலிதான்.

இவரால் மற்ற கட்டுமரக்காரர்களுக்கும் நஷ்டம். முகமெல்லாம் அம்மைத் தழும்போடு ஒருவர் இருந்தார், மாமாவுக்குப் பக்கத்து மரக்காரர். அவர் ஒருநாள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரர் இப்படிப் பண்ணா நாங்க இன்னா மண்ணத் தின்றதா? அவருக்குக் குடுத்ததக் காட்டி எங்களுக்கும் அதையே குடுக்கறான்" என்று அக்காவிடம் கத்தினார். மாமா உள்ளேயிருந்து வந்து, அவரை உட்காரச் சொல்லி, சுட்ட மீனில் பாதியைப் பிய்த்துக் கையில் வைத்தார். அவரும் தின்றார். தின்றுகொண்டே திட்டினார். மறுநாள் அதே கதைதான்.

ஒருமுறை கப்பலில் ஒரு வெள்ளைக்காரன் செத்துப்போனான். கரைக்குக் கொண்டுவந்து புதைக்க வேண்டும். பிணம் ஏற்றிய படகைக் கழுவித் தீட்டுக் கழிக்காமல் தொட முடியாது என்று சம்பளக்காரர்கள் நழுவிவிட்டார்கள். மாமா போனார். பிணத்தைத் தன் மரத்தில் பாயோடு வைத்துக் கட்டி, அலைக்குள்ளே ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தார். கூலி என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அங்கேயும் "பார்த்துக் குடுங்க" என்றிருக்கிறார். அவர்கள் பார்த்தார்கள். செத்தவனுடைய தொப்பியைக் கொடுத்தார்கள்.

தொப்பியோடு வீட்டுக்கு வந்தால் தெருவே வழிமறித்தது. தீட்டுக் கழிக்கிற வரைக்கும் கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். தீட்டுக் கழிக்கிற செலவுக்கு அக்கா தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தொப்பி மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு கப்பித்தான் விளையாட்டு விளையாடினார்கள். பிறகு அதில் கோழி அடைகாத்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்க நைனா செத்தாலும் எமன்கிட்ட பார்த்துக் கூட்டிக்கினு போங்கன்னுதான் சொல்வாரு" என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

அப்புறம் வந்த காலத்தைப் பற்றிப் பேசவே எனக்கு நாக்கு வருவதில்லை. மழை பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கிற முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. ஏரி வற்றி, ஓரமெல்லாம் உப்புப் பூத்து, மீன் செத்து ஒதுங்கியது. பாடு உள்ளவனும் பாடு இல்லாதவனும் ஒன்றாகிப்போனார்கள். கடலில் மீன் இருந்தது. இருந்து என்ன? மீனைக் கொடுத்தால் நெல் கொடுக்கிற கை இல்லை.

எங்களுக்கு நெல் காட்டூரிலிருந்து வரும். அக்காவுக்கு அங்கே ஒரு வாடிக்கைக்காரி. நாள்தோறும் காசு கைமாறுகிற வாடிக்கை இல்லை அது. வருஷம் முழுதும் அக்கா மீன் கொண்டுபோய்ப் போடுவாள், அறுப்பில் அவள் களத்திலேயே நெல்லை அளந்து கொட்டுவாள். அளந்த பிறகு பிள்ளைகளுக்கு என்று இரண்டு கை அள்ளி மேலே போடுவாள். அந்தக் களமே இப்போது வெடித்துக் கிடந்தது. நெல் என்று ஒன்று இருந்தது கோட்டைக் கிடங்கிலும் கப்பலிலும்தான்.

அக்காவின் கடைசிப் பெண்ணுக்கு வயிறு போக ஆரம்பித்தது. வாரக்கணக்கில் கருவாடும் சுட்ட மீனுமே தின்ற வயிறு. பிறகு மீன் வாசனை பட்டாலே வாந்தி எடுத்தாள். கஞ்சி கொடுத்தால் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் கஞ்சி இருந்தது? குழந்தை கையைத் தூக்கினால் எலும்புக்கு மேலே தோல் தனியாக ஆடும். நான் அந்தக் கையைப் பார்க்க மாட்டாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தரகன் வந்தான். ஆள் வாங்குகிற தரகன். உள்நாட்டில் உழுது பிழைத்தவர்களெல்லாம் பசி தாங்காமல் நடந்து நடந்து பழவேற்காட்டுக்கு வந்து விழுந்து கிடந்தார்கள். வீட்டில் ஒருவர் கப்பல் ஏறினால் மிச்சப் பேருக்கு அரிசி. கப்பல் எங்கே போகும் என்று கேட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் என்பான். கூட்டத்தைப் படகுகளில் ஏற்றினார்கள். அலை பெரிதான நாளில், மிஞ்சியவர்களை இரண்டிரண்டு பேராகக் கட்டுமரத்தில் அனுப்ப ஆள் தேடினான். ஒரு நடைக்குக் கொஞ்சம் நொய் தருவதாகச் சொன்னான். மற்றவர்கள் தயங்கினார்கள். மாமா எழுந்துபோய் மரத்தைத் தள்ளினார்.

அன்றைக்கு அக்கா கஞ்சி வைத்தாள். குழந்தை குடித்தாள். வாந்தி எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆள வித்து வர்ற அரிசி மாமா இது" என்றேன்.

"நான் விக்கல. கொண்டுபோறேன்."

"விக்கிறவனுக்கும் கொண்டுபோறவனுக்கும் இன்னா வித்தியாசம்?"

"தெரியலம்மா" என்றார். "புள்ளைக்கு வயிறு நிக்குது."

குழந்தை குடித்து வைத்த கிண்ணத்தை எடுத்துக் கழுவினேன். பிறகு அம்மைத் தழும்புக்காரரும் போனார், எல்லோரும் போனார்கள். மாமா எப்போதும் பயந்தது சரிதான், ஒருவன் போகாவிட்டால் அடுத்தவன் போவான். கப்பலுக்கு ஆள் போய்க்கொண்டேயிருந்தார்கள். நடைக்கு நடை நொய் வந்தது. தரகன் பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்தான். மாமா அதையும் கேட்கவில்லை.

ஒருநாள் பகலில் வீட்டுக்கு வந்து, நொய்ப் பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். கடைசியில், "காட்டூர்க்காரி" என்றார்.

அக்காவின் வாடிக்கைக்காரியேதான். அவளைத்தான் அன்றைக்கு மரத்தில் ஏற்றியிருக்கிறார். அவள் அலையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மாமாவின் கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். அழவில்லை. பிள்ளைகள் அரிசியை எடுத்துக்கொண்டு மாமியாரோடு ஊருக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னாளாம். கப்பலுக்குக் கிட்டே போனதும், "அக்காகிட்ட சொல்லுங்க, இந்த வருசம் நெல்லு போட முடியல, மனசுல வெச்சிக்க வாணாம்னு சொல்லுங்க" என்றாளாம்.

அக்கா பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"அவளுக்கு இன்னா குடுத்தாங்க?"

"ஒரு மூட்ட."

"ஆளுக்கு ஒரு மூட்டதானா?"

"ஆம்பளைன்னா ரெண்டாம்" என்றார் மாமா.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாய்யா, அந்தப் பேச்சு இந்த வூட்ல வாணாம்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

மறுநாளிலிருந்து அவர் கரைக்குப் போகவில்லை. தரகனின் ஆள் வந்து கூப்பிட்டான். மரத்தில் கட்டு விட்டுப்போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார். உண்மையில் கட்டு விடவில்லை. அவரே கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் புரட்டிப் போட்டிருந்தார். வந்த கூலியை அவர் வேண்டாமென்றதை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பையில் நொய் குறைந்துகொண்டே வந்தது. அக்கா கஞ்சியைத் தண்ணீராக்கினாள், பிறகு தண்ணீரையே கஞ்சியென்று கொடுத்தாள். குழந்தைக்கு மறுபடியும் வயிறு போக ஆரம்பித்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

அக்கா காலிப் பையை உதறி, ஓரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் மரத்தைக் கட்டினார். அம்மைத் தழும்புக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

"எங்கய்யா?" என்றாள் அக்கா.

"கப்பலுக்கு ஒரு நடை."

"யார ஏத்தற?"

"யாரையும் ஏத்தல" என்றார். போகும்போது குழந்தையின் தலையில் கையை வைத்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு பேராக, சாமான் இல்லாமல் மரம் போவதை நான் பார்த்தேன். அவர் வெறும் மரத்தோடு கப்பலுக்குப் போனதே கிடையாது. என்னவோ அரிசி கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உச்சி வெயிலுக்குத் திரும்பி வந்தது. துடுப்பு அம்மைத் தழும்புக்காரர் கையில் இருந்தது. மரத்தில் பாய் சுற்றிய மூட்டைகள் இருந்தன.

அவர் மூட்டைகளை இறக்கிவிட்டு அக்காவைப் பார்க்காமல் பேசினார். "எனக்கு ஒண்ணும் சொல்லலம்மா. மரத்தத் திருப்பிக் கொண்டார ஒரு ஆள் வேணும்னுதான் கூப்பிட்டாரு. மேல இருந்து ரெண்டு மூட்டன்னாங்க. இவரு மூணுன்னாரு. சிரிச்சாங்க. இவரு மேல ஏறல. மரத்துலயே நின்னுகினு மூணு, மூணுன்னே சொல்லிக்கினு இருந்தாரு. திரும்பிப் போடான்னு கூடச் சொன்னாங்க. அப்பவும் நவுரல. இத்தினி வருசத்துல அவரு வாயத் தொறந்து கேட்டு நான் பாத்ததே இல்லம்மா. மூணாவது மூட்ட கீழ வந்தப்புறம்தான் கயித்தப் புடிச்சிக் கப்பல்ல ஏறினாரு."

நான் மண்ணில் விழுந்து கத்தினேன். எப்படிக் கத்தாமல் இருப்பது? கூலி கேட்கத் தெரியாதவர் என்று அந்த மனிதரை எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன். அக்கா என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"அழுவறதுக்கு அப்பால நேரம் கீது. உலை வை" என்றாள்.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தேன். அதற்குள் அவளே பின்னால் வந்து, அடுப்புக் கற்களைப் பெயர்த்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோனாள். கடலுக்கு நேரே, மேட்டு மணலில் அடுப்பைக் கூட்டினாள். காய்ந்த விறகோடு ஈரத் தழையையும் சேர்த்துப் போட்டாள். புகை கண்ணைக் கரித்தது.

"ஏன்க்கா இங்க?" என்றேன்.

"அவருக்குத் தெரிய வாணாவா, வூட்ல உலை கொதிக்குதுன்னு?"

காற்றுக்காகக் கப்பல் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. கரையிலிருந்து பார்த்தால் பாய்மரம் தெரியும், ஆள் தெரியாது. அத்தனை நாளும் காலையிலும் சாயங்காலத்திலும் அக்கா அந்த மணலில்தான் சமைத்தாள். கடல் தண்ணீர் பட்ட அரிசி, கஞ்சி கரித்தது. குழந்தை முதலில் ஒரு வாய், பிறகு இரண்டு வாய், பிறகு கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். புகையைப் பார்த்து நடந்து வந்தவர்களுக்கும் அக்கா ஒரு கரண்டி ஊற்றினாள். என் பிள்ளைகளும் குடித்தார்கள். நானும் குடித்தேன். பசிக்கு முன்னால் துக்கம் நிற்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் கப்பலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை ஆட்டவில்லை. சும்மா தழையைப் போட்டுக்கொண்டிருந்தாள், புகை குறையவிடாமல்.

ஒரு காலையில் வாடைக் காற்று எழுந்தது. கப்பலில் பாய் விரிவது தெரிந்தது. அக்கா அவசர அவசரமாக இருந்த தழையையெல்லாம் அடுப்பில் திணித்தாள். பானையில் அரிசி போடவில்லை, வெறும் தண்ணீர்தான் கொதித்தது. கப்பல் தெற்கே திரும்பி, சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் இல்லாமல் போயிற்று. அதுவரைக்கும் அவள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிறகு தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்தாள். கற்களைப் பெயர்த்தாள்.

"கல்லு ஆறட்டும்க்கா" என்றேன்.

அவள் கேட்கவில்லை. சூட்டோடே முந்தானையில் வாரிக்கொண்டு உள்ளே போனாள்.